விரல் நுனியிலிருந்து ஒரு விளக்கு: உணர்ச்சிக்கு அசையும் கலைப் படைப்பு செய்யும் முறை

உணர்ச்சியை வைத்து ஒரு படைப்பு செய்ய நினைப்பவர்கள் முதலில் தேடுவது, மூளையின் மின் அலைகளை அளக்கத் தலையில் மாட்டும் ஈஈஜி பட்டையைத்தான். நானோ விரலில் தொடங்கச் சொல்வேன். தலையின் தோலில் கிடைக்கும் மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான். கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ அதைவிடப் பெரிய சிக்னல் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். 1965-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர், மனம் அமைதியாக இருக்கும்போது எழும் ஆல்பா மூளை அலைகளால் தாள வாத்தியங்களை அதிர வைத்தபோது அசையாமல் உட்கார்ந்திருந்தார். நம் பார்வையாளர்கள் சிரிப்பார்கள், திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களை அப்படியே ஏற்கும் கருவிதான் வேண்டும்.

மனம் கிளர்ந்தால், நாம் நினைக்காமலே தானாக இயங்கும் பரிவு நரம்புகள் விரல்களில் உள்ள வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும். தோல் மின்சாரத்தைச் சற்றுக் கூடுதலாகக் கடத்தும். அதை அளக்கும் ஜிஎஸ்ஆர் சென்சார், ஆர்டுயினோ யூனோ என்னும் நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை, ஒரு எல்இடி, இவை போதும். சென்சாரைப் பலகையின் ஏ0 என்னும் உள்ளீட்டு முனையில் இணைத்தால் 0 முதல் 1023 வரை எண்கள் வரும். எல்இடி உட்பட எல்லாமே பேட்டரியில்தான் ஓட வேண்டும். விரலில் மாட்டும் எதையும் வீட்டு மின்சாரத்தோடு சேர்க்கவே கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் மாட்ட வேண்டாம்.

சரி, மாட்டியாயிற்று. அதிகம் பயன்படுத்தாத கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நல்லது. இரண்டு நிமிடம் சும்மா உட்காரச் சொல்லி அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரின் அமைதி நிலை இன்னொருவரின் படபடப்பு நிலையாக இருக்கலாம், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. பிறகு ஆழமாக ஒரு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். எண் அசையும். சில சென்சார்களில் ஏறும், சிலவற்றில் இறங்கும். அதற்கேற்ப ஒளியைக் கூட்டுங்கள். பழைய மதிப்பில் 0.9 பங்கும் புதியதில் 0.1 பங்கும் சேர்த்தால் எண்ணின் நடுக்கம் அடங்கும். தோல் எப்படியும் 1 முதல் 3 விநாடி தாமதமாகத்தான் பதில் சொல்லும். அதனால் ஒளி மெல்ல ஏறி மெல்ல இறங்கட்டும், பளிச்சென்று வெட்ட வேண்டாம். விநாடிக்கு 3 முறைக்கு மேல் மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும்.

நிறத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கோபத்துக்குச் சிவப்பு, சோகத்துக்கு நீலம் என்று போட ஆசை வரும். போடாதீர்கள். பயத்திலும் ஒளி ஏறும், காதலித்தவரை எதிர்பாராமல் பார்த்தாலும் ஏறும். எவ்வளவு கிளர்ச்சி என்பதை விரல் சொல்லும், எந்த உணர்ச்சி என்பதைச் சொல்லாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டினால், ஒருவரிடம் அவருடைய மனதைப் பற்றியே பொய் சொல்கிறோம். ஒரே வெள்ளொளி போதும். பெயர் வைப்பது அவர் வேலை.

அப்புறம், யாருடைய ஒளியை யார் பார்ப்பது? தன் விளக்கு ஏறுவதைப் பார்த்தாலே மனம் இன்னும் கிளரும், விளக்கு மேலும் ஏறும். அந்தச் சுழலும் அழகுதான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஒவ்வொருவரின் தலைக்குப் பின்னால் அவரவர் விளக்கு. எதிரே இருப்பவரின் ஒளி மட்டும்தான் தெரியும். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் "உங்கள் விளக்கு இப்போது ஏறியது, என்ன நினைத்தீர்கள்?" என்று அவர்களே ஒருவரை ஒருவர் கேட்கட்டும். நீங்கள் விளக்கம் சொல்லப் போகாதீர்கள்.

எண்களைச் சேமிக்க வேண்டாம். சேமித்தே ஆக வேண்டுமானால், உட்காரும் முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள்.