சிரிக்க வைத்தவர் திடீரென்று மறைந்தால்: ரசிகர்களின் துக்கத்தைப் புரிந்துகொள்வதும் கடப்பதும்

ஒரு நகைச்சுவைக் கலைஞர் எதிர்பாராமல் இறந்துவிட்டார் என்ற செய்தி வரும்போது, அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத பலர் நெருங்கிய உறவினரைப் பறிகொடுத்தவர்களைப் போலக் கலங்கிப்போகிறார்கள். அந்தக் கலக்கத்தோடு ஒரு கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. நம்மை யாரென்றே அறியாத ஒருவருக்காக இப்படி அழுவது சரிதானா என்று தங்களையே கடிந்துகொள்கிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு எந்த அவசியமும் இல்லை என்பதும், இந்தத் துக்கத்தை மறைக்காமல் அனுபவித்துக் கடந்தவர்கள் அதே கலைஞரின் நகைச்சுவைக்கு மறுபடியும் மனம்விட்டுச் சிரிக்க முடியும் என்பதும் என் உறுதியான கருத்து. அந்த நிலைக்கு வந்து சேர்வதற்கான வழிகளை இங்கே எழுதுகிறேன். எனினும், துக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தேடும் ஆறுதல் மனத்தில் ஒட்டாது. ஆகவே காரணங்களிலிருந்து தொடங்குவதே முறை.

1956-ஆம் ஆண்டில் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்னும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி தோன்றுகிறவர்களிடம் மக்கள் கொள்ளும் ஒருதலையான நெருக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார்கள். கலைஞருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் அவருடைய குரலின் ஏற்ற இறக்கம், பேசுவதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் சிறு இடைவெளி, மாட்டிக்கொண்டதும் அவர் விழிக்கும் விழி ஆகிய எல்லாம் நமக்கு மனப்பாடம். ஒருவரோடு உறவு இருக்கிறதா என்பதை மனம் பெரும்பாலும் பழக்கத்தை வைத்தே தீர்மானிக்கிறது. பல ஆண்டுகளாக வீட்டுக்குள் ஒலித்த குரல் ஒன்று நின்றுபோனால், அந்தக் குரலுக்குரியவர் நம் பெயரை அறிந்திருந்தாரா என்று மனம் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை.

இது எல்லாப் பிரபலங்களுக்கும் பொருந்தும். நகைச்சுவைக் கலைஞரிடத்தில் அதற்கு மேலும் சில காரணங்கள் இருக்கின்றன. கதாநாயகர்களை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். நகைச்சுவைக் கலைஞரோ அடிவாங்குகிறார், பொய் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார், கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளிகிறார், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி அவமானப்படுகிறார். நம்மிடம் இருக்கும் பலவீனங்களை நமக்குப் பதிலாக அவர் ஊரறியச் சுமப்பதால், அவர்மீது வரும் அன்பில் மரியாதையைவிட உரிமையே மிகுந்திருக்கிறது. சோகக் காட்சியைப் பலமுறை பார்ப்பவர்கள் குறைவு. நகைச்சுவைக் காட்சியை எத்தனை முறை பார்த்தோம் என்ற கணக்கே நம்மிடம் இருக்காது. அவருடைய வசனங்கள் நம் அன்றாடப் பேச்சிலும் கலந்துவிடுகின்றன. இறந்த பிறகும் நம் வாயிலிருந்தே அவருடைய சொற்கள் வந்துகொண்டிருக்கும்; அப்படி வரும் ஒவ்வொரு முறையும் இழப்பு புதிதாக நினைவுக்கு வரும்.

இவை எல்லாவற்றிலும் ஆழமானதாக நான் கருதுவது வேறொன்று. சிரிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனிமையில் இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டறிந்தார். அப்படியானால், ஒரு கலைஞரைப் பார்த்து நாம் மிக அதிகமாகச் சிரித்த நேரங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்த நேரங்கள். தந்தை வழக்கத்துக்கு மாறாக வாய்விட்டுச் சிரித்தது, சண்டையிட்டுப் பேசாமல் இருந்த உடன்பிறப்போடு ஒரே காட்சிக்குச் சேர்ந்து சிரித்துச் சமாதானமானது, இப்போது உயிரோடு இல்லாத பாட்டி அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டியது போன்றவை எல்லாம் அந்தக் கலைஞரின் முகத்தோடு சேர்ந்து நினைவில் பதிந்திருக்கின்றன. அவர் மறையும்போது அந்த முகத்தோடு பிணைந்த மனிதர்களும் காலங்களும் ஒருசேரத் திரும்பி வந்து நிற்கின்றன. அழுகையின் அளவு செய்தியின் அளவுக்கு மீறியதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

திடீர் மரணம் என்பது இந்த வலியை இன்னும் கூர்மையாக்குகிறது. நீண்டகால நோயில் மனம் தன்னை அறியாமலேயே கொஞ்சம் கொஞ்சமாக விடைபெறத் தொடங்கிவிடும். திடீர் மறைவு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. நேற்று வெளியான பேட்டியில் சிரித்துக்கொண்டிருந்தவர் இன்று இல்லை என்பதை அறிவு ஏற்றுக்கொண்டாலும், அவர் முகத்தைக் கண்டதும் சிரிக்கப் பழகிய உடல் ஏற்க மறுக்கிறது. 1984 ஏப்ரல் 15 அன்று, லண்டன் அரங்கு ஒன்றிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியின் நடுவே பிரிட்டன் நகைச்சுவைக் கலைஞர் டாமி கூப்பர் மேடையில் மாரடைப்பால் சரிந்து விழுந்தபோது, அதுவும் நடிப்பின் ஒரு பகுதி என்று எண்ணிப் பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மீது எந்தக் குற்றமும் இல்லை. அவரிடமிருந்து சிரிப்பைத் தவிர வேறொன்றையும் அவர்கள் எதிர்பார்த்துப் பழகியிருக்கவில்லை.

இனி, செய்தி வந்ததும் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். முதல் சில மணி நேரங்களில் முக்கியமானது, செய்தியை உறுதிப்படுத்திக்கொள்வதும் காரணத்தை ஊகிக்காமல் இருப்பதும்தான். திடீர் மரணம் மனத்தில் ஒரு வெற்றிடத்தை ஏற்படுத்துவதால், கையில் கிடைக்கும் எந்த விளக்கத்தையும் அதில் இட்டு நிரப்பத் தோன்றும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17 அன்று தமது 59-ஆம் வயதில் மாரடைப்புக்குப் பின் காலமானார். அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்ததால், தடுப்பூசியே காரணம் என்ற பேச்சு உடனே பரவியது. அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக் குழாய் முழுமையாக அடைபட்டிருந்ததை மருத்துவர்கள் அப்போதே விளக்கினார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஆனால் முதல் நாளில் பரவிய அச்சம் சென்றடைந்த இடங்களுக்கெல்லாம் இந்த முடிவு சென்றடையவில்லை. ஆகவே உங்களுக்கு வந்த ஊகத்தை இன்னொருவருக்கு அனுப்பாமல் இருப்பதையே முதல் அஞ்சலியாகக் கொள்ளுங்கள். உயிரற்ற உடலின் படங்களையும் மருத்துவமனை வாசலில் எடுக்கப்பட்ட காணொளிகளையும் பார்க்க வேண்டாம், பகிரவும் வேண்டாம். பல ஆண்டுகள் நம்மைச் சிரிக்க வைத்த முகத்தின் கடைசி நினைவாக அந்தப் படம் தங்கிவிடக்கூடும்.

மரணம் தற்கொலையாக இருந்தால் இந்த எச்சரிக்கை பல மடங்கு அவசியமாகிறது. அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டு 11 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை அமெரிக்காவில் நிகழ்ந்த தற்கொலைகள், எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது 1,841 பேர், அதிகமாக இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதனால் எந்த முறையில் இறந்தார் என்ற விவரத்தை ஒருபோதும் பகிராதீர்கள். அந்த முடிவை விடுதலை என்றோ துணிச்சல் என்றோ எழுதாதீர்கள். நினைவையும் சிந்தனையையும் சிதைக்கும் லூயி உடல் நோய் என்னும் மூளை நோய் வில்லியம்ஸைக் கடுமையாகப் பாதித்திருந்தது பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே தெரியவந்தது. வெளியே சிரித்தவர் உள்ளே அழுதார் என்று முதல் நாளில் எழுதப்பட்ட எளிய விளக்கங்கள் எவ்வளவு போதாதவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது உங்களுக்கே உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால், அன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். உங்கள் நாட்டின் மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

முதல் அதிர்ச்சி தணிந்த பிறகு, துக்கத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். “அவர் உனக்கு என்ன உறவா?” என்று யாராவது கேட்பார்கள். சுற்றியிருப்பவர்கள் துக்கமாகவே மதிக்க மறுக்கும் துக்கங்களைப் பற்றி கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1980-களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அங்கீகாரம் கிடைக்காதபோது வலி குறைவதில்லை, அதைச் சொல்லும் வாய்ப்பே குறைகிறது. கேலி செய்பவரிடம் வாதாட வேண்டியதில்லை. “அவரைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிப்போம், அதனால் வருத்தமாக இருக்கிறது” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதன்பின், அவரோடு பிணைந்த நினைவில் உங்களுடன் இருந்த மனிதரைத் தேடிச் செல்லுங்கள். பழைய நண்பரோ உடன்பிறந்தவரோ, தொலைபேசியில் கூப்பிட்டு, எந்தக் காட்சிக்கு யார் எப்படிச் சிரித்தார்கள் என்று பேசுங்கள். பொது வெளியில் எழுதும் இரங்கலைவிட இந்த உரையாடல் அதிக நன்மை செய்யும் என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் இழந்ததில் ஒரு பங்கு அங்கே உயிரோடு இருக்கிறது.

அவருடைய காட்சிகளை எப்போது மறுபடியும் பார்ப்பது என்ற கேள்விதான் ரசிகர்களை மிகவும் தடுமாற வைக்கிறது. சிலர் இரவு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து மேலும் உடைந்துபோகிறார்கள். வேறு சிலர் அவர் முகம் வந்தாலே திரையை அணைத்துவிடுகிறார்கள். எது சரி என்று விதி வகுக்க முடியாது. துக்கத்தில் இருப்பவர்கள் சில நேரம் இழப்பை எதிர்கொள்வதும் சில நேரம் அதிலிருந்து விலகி அன்றாட வேலைகளுக்குத் திரும்புவதும் இயல்பே என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் ஆகிய ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கினார்கள். ஆகவே இன்று பார்க்க முடியாமல் போவதும் நாளை பார்க்க ஏங்குவதும் முரண்பாடல்ல. பார்க்க முடிவு செய்தால், கைப்பேசி தானாகக் கொண்டுவந்து கொட்டும் துண்டுக் காணொளிகளைத் தவிருங்கள். சோக இசை சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு, கடைசிப் புன்னகை என்று தலைப்பிட்ட தொகுப்புகள் அந்தக் கலைஞர் செய்த வேலைக்கே எதிரானவை. அவர் நேரக் கணக்கோடு கட்டிய நகைச்சுவையை அவை சிதைத்துவிடுகின்றன. உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியை நீங்களே தேர்ந்தெடுத்து, அதன் தொடக்கத்திலிருந்து இறுதிவரை, முடிந்தால் வேறொருவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

அப்போது சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். இறந்தவருக்குச் செய்யும் துரோகமாக அதைச் சிலர் எண்ணுகிறார்கள். உளவியலாளர்கள் டேக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையை இழந்தவர்களோடு சுமார் ஆறு மாதங்களுக்குப் பிறகு உரையாடினார்கள். மறைந்தவரைப் பற்றிப் பேசும்போது உண்மையாகச் சிரித்தவர்களிடம் மனவேதனை குறைவாக இருந்ததைக் கண்டார்கள். வாழ்க்கைத் துணையின் இழப்பிலேயே சிரிப்புக்கு இடம் உண்டென்றால், சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவரின் இழப்பில் அதற்கு இடமில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வரிசைப்படுத்தும்போது நகை என்னும் சிரிப்பை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்திருப்பது இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். பாதிக் காட்சியில் சிரிப்பு அழுகையாக மாறினாலும் பரவாயில்லை; அடுத்த முறை பார்க்கும்போது சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், அவர் இறந்துவிட்டார் என்று நேரடியான சொற்களில் சொல்லுங்கள். திரையில் அவர் தொடர்ந்து நடமாடுவதால் சிறு குழந்தைகளுக்குக் குழப்பம் வரும். இவை முன்பே எடுத்த காட்சிகள் என்று விளக்கினால் போதும்.

சும்மா இருக்க முடியாதவர்களுக்கு, அந்தக் கலைஞர் அக்கறை காட்டிய செயல் எதுவோ அதில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்வது நல்ல வழி. விவேக் ஒரு கோடி மரக்கன்றுகள் நடுவதை இலக்காகக் கொண்டு, 30 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை நட்டிருந்தார். அவர் மறைந்ததும் பல ரசிகர்கள் அவர் பெயரில் கன்றுகளை நட்டார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நட்ட அன்று படம் எடுத்துப் போடுவது எளிது. கோடையில் தண்ணீர் ஊற்றுவதுதான் உண்மையான வேலை. ரத்ததானமோ, கல்வி உதவியோ, நலிந்த மேடைக் கலைஞர்களுக்குச் செய்யும் உதவியோ, எதுவானாலும் தொடர்ந்து செய்யக்கூடிய அளவில் தொடங்குங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இந்தத் துக்கத்தின் கூர்மை சில நாட்களிலோ சில வாரங்களிலோ மழுங்கிவிடும். வாரங்கள் கடந்தும் தூக்கமும் உணவும் வேலையும் சீர்குலைந்தே இருந்தால், அழுகை யாருக்காக என்று அமைதியாக யோசித்துப் பாருங்கள். முன்பு எப்போதோ அழ முடியாமல் போன ஒரு மரணம், அக்கம்பக்கத்தவர்முன் திடமாக நின்றாக வேண்டியிருந்த ஒரு நாள், கலைஞரின் மறைவில் வாசல் திறந்துகொண்டு வெளிவருவது உண்டு. அப்படி இருந்தால் மனநல ஆலோசகரிடம் செல்லத் தயங்காதீர்கள். ஒரு நடிகரின் சாவுக்காகவா வந்தீர்கள் என்று நல்ல ஆலோசகர் எவரும் கேட்கமாட்டார்.

கலைஞரின் குடும்பத்தாரை மறந்துவிடாதீர்கள். நாம் இழந்தது திரையில் கண்ட மனிதரை. அவர்கள் இழந்தது தந்தையை, கணவரை, மகளை. அவர்களுக்கு இரங்கல் எழுத விரும்பினால், மரணத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், அவருடைய எந்தக் காட்சி உங்கள் வாழ்க்கையின் எந்த நாளைத் தாங்க உதவியது என்று சில வரிகளில் எழுதுங்கள், பதில் எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் எப்படி அழுகிறார்கள், எப்போது பணிக்குத் திரும்புகிறார்கள், யாரோடு சிரித்துப் பேசுகிறார்கள் என்பதை எடைபோடும் பேச்சு எங்கே வந்தாலும் அதில் கலந்துகொள்ளாதீர்கள்.