ஜன்னலைச் சாத்துவதற்கு முன்

புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்கள் தொற்றுநோய் வார்டில் செய்யும் பிழைகளில் பலவும் நானே ஒரு காலத்தில் செய்தவை. கை கழுவாமை போன்று எல்லாரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜன்னலைச் சாத்துவது

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தென்காசிப் பக்கம் சாரலோடு வீசும்போது, வார்டின் மேற்கு ஜன்னல்களை யாரும் சொல்லாமலே சாத்திவிடுவார்கள். அப்படியோர் இரவில், சளிப் பரிசோதனை முடிவு வராததால் பொது வார்டிலேயே இருமிக்கொண்டு கிடந்த பெரியவரின் மகள், "சாரல் உள்ள அடிக்கில்லா, அப்பாவுக்குக் குளிரும் சிஸ்டர்" என்றதும் நானே எழுந்துபோய்க் கொக்கியை மாட்டினேன். மறுநாள் முடிவு காசநோய் என்று வந்தது. பக்கத்துக் கட்டிலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்தவர் சில மாதங்கள் கழித்து அதே நோயோடு திரும்பி வந்தார். அந்த இரவில்தான் தொற்றியது என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இருமலில் தெறிக்கும் துளிகள் உலர்ந்து, 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களாகி, அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். தனிமை அறையின் காற்று மணிக்கு 12 முறையாவது மாற வேண்டும் என்பது இதனால்தான். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் மேல்காற்றே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்துவிடும். நோயாளியின் கட்டிலைக் கிழக்கு ஜன்னலோரம் போட்டால் சாரலும் அவரை எட்டாது, அவருடைய மூச்சும் நம்மைத் தாண்டாமல் வெளியேறும். அந்த ஜன்னலுக்கு வெளியே புறநோயாளிகளின் வரிசை இல்லாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. இவ்வளவு சொன்ன பிறகும் விடியற்காலையில் வார்டுக்குள் நுழைந்தால் ஜன்னல்கள் மூடித்தான் கிடக்கின்றன என்பது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

முகக்கவசத்தை மாற்றிக் கொடுப்பது

பரிவின் பேரில் என்95 கவசத்தை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, தான் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்குத் துளிகளைத் தடுக்கும் சர்ஜிக்கல் மாஸ்க் போதும். புண்பட்ட நுரையீரலோடு அவர் என்95க்குள் மூச்சு விடுவதே சிரமம். என்95 நமக்கு உரியது, அதுவும் விளிம்பில் காற்று கசியாமல் இருந்தால்தான் பயன்.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடுவது

போடாதீர்கள்.

ப்ளீச்சிங் கரைசல்

நேற்றுக் கலந்தது இன்றைக்கு ஆகாது.

கவசத்தை உள்ளேயே கழற்றுவது

கையுறையையும் மேலங்கியையும் அறைக்குள் கழற்றலாம். என்95ஐ வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகே, முன்பக்கத்தைத் தொடாமல், பின்பக்க நாடாவைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.