சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலைக்குப் போகும் நம்மவர்கள் கோணேசர், கன்னியா, நிலாவெளி என்று மூன்று நாளில் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகளை, பார்க்கவென்று போகிறவர் குறைவு. எனக்கு அது பழைய கடன். அம்மப்பா அங்கே பிரிட்டிஷ் கடற்படைக் காலத்தில் பைப் ஃபிட்டர். அவருக்குச் சாப்பாட்டுக் கரியர் தூக்கிக்கொண்டு போன பொடியன் என் மாமா. அவருக்கு இப்போது 86 வயது. "வந்தால் என்னை ஒருக்கா உள்ளே கூட்டிக்கொண்டு போ" என்று ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் கேட்பார். 1990இல் வெளிக்கிட்ட நான் போன வருடம்தான் போனேன்.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய பிறகு, கிழக்கே ஓடும் கப்பல்களுக்கு எண்ணெய் சேமிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. ஆழமான இயற்கைத் துறைமுகம் இருந்ததால் திருகோணமலையைத் தெரிவு செய்தார்கள். 1920களிலும் 30களிலும் 101 உருக்குக் குதங்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். ஓரிடத்தில் குவிக்காமல் காட்டுக்குள் பரப்பி வைத்தார்கள். கடலுக்குக் கிட்டக் கீழ்த்தொகுதி, மேலே மரங்களுக்குள் மேல்தொகுதி. எந்த அலங்காரமும் இல்லாத வெறும் உருளைகள். ஆனாலும் கிட்ட நின்று அண்ணாந்து பார்த்தால் கோபுரத்தடியில் நிற்பது போல இருக்கும் என்பார் மாமா.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது 91ஆம் இலக்கக் குதம் எரிந்தது. நாள்கணக்காகப் புகை நின்றதாம். மூன்று வயது மாமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மம்மா காட்டுப் பக்கம் ஓடினார். 101இல் இன்னொன்றும் அழிந்துவிட்டது, இப்போது 99 குதங்கள் மிச்சம். 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி 14 குதங்கள் ஓர் இந்திய நிறுவனத்திடமும் 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்கின்றன. மற்ற 61உம் அந்த இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. ஆகவே எந்தக் குதத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று தீர்மானித்துவிட்டு, அதை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை.

யாரோ சொன்னார்கள் என்று நகரில் ஒரு கந்தோருக்குப் போனேன். முதல் நாள், கையெழுத்து வைப்பவர் லீவு. இரண்டாம் நாள் என் தமிழ்க் கடிதத்தைத் திருப்பித் தந்து சிங்களத்தில் எழுதி வரச் சொன்னார்கள். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லாமல், வெளியே மேசை போட்டிருந்தவரிடம் காசு கொடுத்து எழுதுவித்தேன். நீங்கள் அப்படி விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் மாமா அந்த முகவரியில்தான் இருக்கிறார் என்று விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதம் கேட்டார்கள். அன்று அவர் கந்தோரில் இருக்கும் நாள் இல்லை. மூன்றாம் நாள் அதையும் கொண்டுபோனேன். முத்திரை குத்திவிட்டு என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார் ஒருவர். பிறந்த இடம் திருகோணமலை என்று போட்டிருந்ததை விரலால் தொட்டார். "நீங்கள் வெளிநாட்டவர், இது கொழும்புக்குப் போக வேண்டும்" என்றார். ஒரு மாதமாவது ஆகும். எனக்கு மிச்சம் இரண்டு நாள். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அந்த "வெளிநாட்டவர்" என்ற சொல் இன்னும் காதில் கிடக்கிறது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த மூன்று நாளும் மாமா வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்தார். நான் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் செருப்பைக் காலில் மாட்டுவார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றுவார். மாமி எனக்கென்று மீன் குழம்பு வைத்திருப்பார். நான் வரும்போது அது ஆறிப்போயிருக்கும். அந்த நேரத்தை மாமாவோடு இருந்து கழித்திருக்கலாம்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் போகக்கூடிய இடங்கள் உண்டு. நிலாவெளி வீதியில் உப்புவெளியில் போர்க்காலக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உள்ளே போக யாரையும் கேட்கத் தேவையில்லை. 1942 என்று பொறித்த கற்களைப் பார்க்கலாம். சீனக்குடாப் பக்கம் விமானப்படை முகாம் இருப்பதால் கமராவை வெளியில் எடுக்காதீர்கள். கொழும்பிலிருந்து ரயிலில் போனால் திருகோணமலைக்கு முன் வருவது சீனக்குடா ஸ்டேஷன். முதியவர்களை ஓட்டோவில் வெயிலுக்கு முன் கூட்டிப் போங்கள்.

நாலாம் நாள் அப்படித்தான் போனோம். றோட்டோரத்தில் ஓட்டோவை நிறுத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கடிதத்தைக் கேட்டார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவால் ஜெட்டியை வரைந்தார், பைப் லைனை இழுத்தார், பிறகு சின்னச் சின்ன வட்டங்கள். அம்மப்பா சாப்பிட உட்கார்ந்த மரத்துக்கு ஒரு புள்ளடி போட்டார். 91க்கு வந்தபோது வட்டத்தை மூடாமல் விட்டார்.

கடிதம் இப்போது ரொறொன்ரோவில் என் மேசை மேல் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் திருகோணமலையில் மழை விடாது, அந்த மாதங்களில் போகாதீர்கள். நான் ஜூலைக்கு ரிக்கெட் போட்டிருக்கிறேன். கொழும்புக்கு எழுதிய கடிதம் போன மாதமே போய்விட்டது, தமிழில்.