சர்க்கரை நோயை ஒப்புக்கொண்ட பிறகு செய்ய வேண்டியவை

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை இருமுறை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமைத் தாண்டிய சோதனைச் சீட்டைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, லேசான சர்க்கரைதான் என்று சொல்லித் திரிவதை முதலில் நிறுத்த வேண்டும். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித் திரிந்தவன்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையைச் செய்து, பலருக்கும் இலக்காக வைக்கப்படும் 7 சதவீதத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை எங்கள் கடற்கரையில் இன்னும் உண்டு. அதுவும் சர்க்கரையே. தட்டில் பாதியைக் கீரையும் காயும் நிரப்ப, மீதியைச் சோறும் குழம்பு மீனும் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

பாதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய பாதத்தைச் சிப்பி கீறினாலும், பாம்பன் பக்கத்துச் சுடுமணல் கொப்புளமாக்கினாலும் தெரியாது என்பதால், கரையில் வலை இழுக்கும்போதும் செருப்பைக் கழற்றாதீர்கள். இரவில் உப்புநீர் போகக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். புண் தென்பட்டால், மஞ்சள் பூசிக் காத்திராமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.