ஆவி பிடிக்கறப்ப நாம பண்ற தப்புகள்

மூக்கு அடைச்சா உடனே ஆவி பிடிக்கறதுல தப்பே இல்ல, சூடான ஈரக்காத்து உள்ள போனா கெட்டியான சளி கொஞ்சம் இளகும், கொஞ்ச நேரமாவது நிம்மதியா மூச்சு விடலாம். ஆனா கிருமியே செத்துடும்னு நம்பி மூஞ்சி செவக்கற வரைக்கும் போர்வைக்குள்ள உக்காந்திருக்காங்க பாருங்க, அங்கதான் சிக்கல். வைரஸ் சாகற அளவு சூட்டை மூக்கு தாங்காது, அதுக்கு முன்னாடியே உள்தோல் வெந்துடும்.

பெரிய ஆபத்து பாத்திரம்தான். கொதிக்கக் கொதிக்க எறக்கி மடியிலயோ கட்டில்லயோ வெச்சு மேல போர்வைய போட்டுக்கிட்டா ஒரு தும்மல் போதும், மொத்தமும் தொடையில. 2020ல கொரோனா பயத்துல வீட்ல ஆவி பிடிக்கறது கூடினப்ப, இங்கிலாந்துல பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கு இப்படி சுட்டுக்கிட்டு வந்த பிள்ளைங்க சட்டுனு அதிகமாயிட்டாங்கன்னு டாக்டர்களே எழுதினாங்க. அதனால அகலமான அடி இருக்கற பாத்திரம், ஆடாத மேஜை, அடுப்ப அணைச்சு ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு, மூஞ்சிக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி. கண்ண மூடிக்கோங்க, காண்டாக்ட் லென்ஸ் இருந்தா முன்னாடியே கழட்டிடுங்க. அடுப்பு எரியறப்பவே துண்ட போத்திக்கிட்டு குனியறவங்களும் இருக்காங்க, அவங்கள என்ன சொல்றது.

அடுத்தது, கையில கெடைச்சதெல்லாம் உள்ள போடறது. நொச்சி, துளசி, கற்பூரவல்லி ஏதாவது ஒரு கைப்பிடி இருந்தாலே தாராளம். உப்பு போடறது சுத்த வேஸ்ட், உப்பு ஆவியாகாது, அடியிலயே தங்கிடும். யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு, மிஞ்சிப்போனா ரெண்டு, அதுக்கு மேல போனா கண்ணும் தொண்டையும் எரியும். அப்புறம் இந்த மெந்தால் இருக்கே, போட்டதும் ஜில்லுனு மூக்கு தெறந்த மாதிரி இருக்கும், உள்ள இருக்கற வீக்கம் அப்படியேதான் இருக்கும், குளிர்ச்சிய உணர்ற நரம்புகள அது தூண்டி விடுது அவ்வளவுதான், இது தெரியாம இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு போட்டுட்டே போறாங்க. ஆஸ்துமா இருந்தா இந்த காட்டமான வாசனையே மூச்ச இழுக்க வெச்சுடலாம், அவங்க டாக்டர்கிட்ட கேக்காம இறங்க வேணாம்.

சின்னக் குழந்தைங்களுக்கு வேணவே வேணாம். குறிப்பா கற்பூரம், அது உடம்புக்குள்ள போனா வலிப்பு வர வாய்ப்பிருக்கு. அவங்களுக்கு சலைன் சொட்டு மருந்து விட்டாலே மூக்கு இளகும்.

கரெண்ட்ல ஓடற ஸ்டீமர்ல இலையையும் தைலத்தையும் தண்ணி டேங்க்லயே கொட்டாதீங்க, வெறும் தண்ணி மட்டும்தான், இல்லன்னா அடைச்சுக்கிட்டு சுடுதண்ணி தெறிக்கும்.

ஒரு தடவைக்கு அஞ்சுலேர்ந்து பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, போதும். தலை சுத்துனா உடனே வெளிய வந்துடுங்க. முடிச்சதும் ரெண்டு மூக்கையும் பொத்திக்கிட்டு பலமா சிந்தாதீங்க, காது அடைச்சுக்கும், ஒரு பக்கம் மூடிக்கிட்டு இன்னொரு பக்கம் மெதுவா சிந்துங்க. மூச்சுத் திணறலோ, விடாத காய்ச்சலோ, கண்ண சுத்தி வீக்கமோ இருந்தா ஆவிய ஓரமா வெச்சுட்டு டாக்டர பாருங்க.