சாஃப்ட்வேர் ஆர்கெஸ்ட்ரா: எழுதும்போதும் கருத்துச் சொல்லும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கணினியும் சின்ன மிடி கீபோர்டும் இருந்தால் போதும், இன்று வீட்டிலிருந்தே முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பார்க்கலாம். இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4 இலவசம், அதற்கான மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகளிலும் நிறைய இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பிக் கருத்தும் கேட்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் வருகிற பதில் பெரும்பாலும் "சூப்பர்" என்றோ, "நிஜ ஆர்கெஸ்ட்ரா மாதிரி இல்லையே, வேற லைப்ரரி வாங்கிப் பாருங்க" என்றோதான் இருக்கிறது. இரண்டாவது பதில்தான் அதிகக் கெடுதல் செய்கிறது. கேட்டவர் காசு போட்டுப் புதிய லைப்ரரி (பதிவுசெய்த கருவி ஒலிகளின் தொகுப்பு) வாங்குவார், பழைய தவறுகள் அப்படியே அதற்குள் குடிபோகும்.

ஒரு படைப்பு எடுபடவில்லை என்றால் கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: இசையிலேயே, கருவிகளுக்குப் பங்கு பிரித்ததில், அல்லது சாஃப்ட்வேரில் வாசிக்க வைத்த விதத்தில். எது என்று பிரிக்காமல் பேசுவதுதான் எழுதுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்தே செய்யும் பெரிய தவறு. பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லாக் கருவிகளின் ட்ராக்கையும் வெறும் பியானோ ஒலிக்கு மாற்றிக் கேளுங்கள். பியானோவிலேயே ஒரு நிமிடத்தில் சலித்துவிட்டால் லைப்ரரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பியானோவில் நன்றாக இருந்து ஆர்கெஸ்ட்ராவில் கெட்டுப்போனால் மற்ற இரண்டில் தேடலாம். (ஒலியின் நிறத்தையே நம்பி எழுதிய இசைக்கு இந்தச் சோதனை பொருந்தாது, ஆனால் ஆரம்பத்தில் நம்மில் பலர் எழுதுவது மெட்டை நம்பித்தான்.)

வயலின்களில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது காதில் விழும், காரணம்தான் பிடிபடாது. பெரிய ஆர்கெஸ்ட்ராவின் முதல் வயலின் பிரிவில் 16 பேர் வரை இருப்பார்கள். லைப்ரரியில் 'வயலின்ஸ்' என்று இருப்பது அப்படி ஒரு கூட்டம் மொத்தமாகச் சேர்ந்து வாசித்த பதிவு. அதில் மூன்று விரலால் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளை) அமுக்கினால் நோட்டுக்கு 16 பேராக 48 பேர் வாசிக்கிறார்கள். மேடையில் அதே 16 பேர்தான் ஐந்தைந்து பேராகப் பிரிந்து வாசிப்பார்கள். அதனால்தான் மெட்டு தனியாகப் போகும்போது மெலிந்தும், கார்ட் வந்ததும் திடீரென்று ஊதிப்போயும் கேட்கிறது, மிக்ஸில் எவ்வளவு முட்டி மோதினாலும் அது அடங்காது. மூன்று நோட்டையும் முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா என்று ஆளுக்கொன்றாகப் பங்கிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்தது மாட் வீல், அதாவது கீபோர்டில் இருக்கும் சக்கரம். சாஃப்ட்வேரில் அதன் கட்டுப்பாட்டு எண் சிசி 1. பல லைப்ரரிகளில் நீண்ட நோட்டுகளுக்கு வெலாசிட்டியை (கட்டையைத் தட்டும் வேகத்தை) மாற்றினால் சத்தம் மாறாது. மெதுவாக வாசித்தது, ஓங்கி வாசித்தது என்று தனித்தனியாகப் பதிந்த அடுக்குகளுக்கு நடுவே நகர்த்துவது சிசி 1. சிசி 11 வெறும் சத்தத்தைத்தான் ஏற்றி இறக்கும். இரண்டும் ஒன்றில்லை: டிரம்பெட்டை ஓங்கிய அடுக்கிலேயே விட்டுவிட்டு ஃபேடரை (ட்ராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) இறக்கினால், தூரத்தில் யாரோ உரக்க ஊதுவது போலத்தான் இருக்கும், மெதுவாக ஊதியதாக ஆகாது. நீண்ட நோட்டு ஒன்றில் சிசி 1 நேர்கோடாகக் கிடந்தால் அங்கே யாரும் வில்லை இழுக்கவில்லை என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

லெகாட்டோ (நோட்டுகளை இணைத்து வாசிக்கும்) ஒலிகள் பல லைப்ரரிகளில் கொஞ்சம் தாமதமாகத்தான் பேசும், சிலவற்றில் 100 மில்லி செகண்டுக்கும் மேல். கிரிட்டில் (திரையிலுள்ள தாளக் கட்டத்தில்) கச்சிதமாக வைத்தும் தாளத்துக்குப் பின்னால் இழுப்பது இதனால்தான். அந்த ட்ராக்குக்கு மைனஸ் டிலே கொடுங்கள், அதாவது கொஞ்சம் முன்கூட்டியே ஒலிக்க வையுங்கள், ஆனால் ஸ்டக்காட்டோவை (வெட்டி வெட்டி வாசிப்பதை) வேறு ட்ராக்கில் வையுங்கள், அதன் தாமதம் வேறு. ஃப்ளூட்காரர் மூச்சு எடுக்க இடம் விடுங்கள். ரிவெர்பை (அறையின் எதிரொலிப்பை) பொறுத்தவரை, பெரிய ஹாலில் பதிந்த சாம்பிள்களில் (லைப்ரரிப் பதிவுகளில்) அந்த ஹால் ஏற்கெனவே இருக்கிறது, மேலே இன்னொரு ஹாலைக் கொட்டினால் எல்லாம் குழம்பும்.

பங்கு பிரிப்பதில் ஆபத்து ஃபேடரால் வருகிறது. ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயி இயல்பிலேயே மெல்லியது, நாலு ஹார்னும் மூன்று டிராம்போனும் முழங்கும்போது மேடையில் அது காதிலேயே விழாது. சாஃப்ட்வேரில் ஃபேடரை ஏற்றினால் விழுந்துவிடும், அந்தப் பொய்யை நம்பி மேலே மேலே எழுதிக்கொண்டு போவோம். ஓங்கி ஊதும்போது ஒரு டிரம்பெட்டுக்கு ஈடாக இரண்டு ஹார்ன், ஒரு ஹார்னுக்கு ஈடாக இரண்டு கிளாரினெட் அல்லது இரண்டு ஃப்ளூட் என்று ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் ஆர்கெஸ்ட்ரா நூலில் கணக்குச் சொன்னார். 1913-இல் வெளிவந்த அந்தக் கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது.

சரி, அனுப்புகிற விஷயத்துக்கு வருவோம். எட்டு நிமிட ஃபைலை அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். இரண்டரை நிமிடப் பகுதியை மட்டும் வெட்டி, "0:40-இல் ஓபோ மெட்டு தனியாகக் கேட்கிறதா?" என்று ஒரு கேள்வியோடு அனுப்புங்கள், ஸ்கோர் இருந்தால் அதையும் சேர்த்து. இது போர்க்களம், இது அம்மாவின் அழுகை என்று முன்கூட்டியே கதை சொல்லவும் வேண்டாம், சொன்னால் அவர் இசையை விட்டுவிட்டுக் கதையைத்தான் கேட்பார்.

கருத்துச் சொல்கிறவர்களே, நேரத்தைக் குறிப்பிடுங்கள். "ஸ்ட்ரிங்ஸ் செயற்கையா இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் திருத்த முடியாது. "1:05 முதல் 1:12 வரை செல்லோ ஒரே அளவில் நிற்கிறது, சிசி 1-ஐக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள்" என்றால் அவர் இன்றிரவே திருத்திவிடுவார். இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும்.

கருத்து கைக்கு வந்ததும் உடனே பதில்வாதம் வேண்டாம், எல்லாவற்றையும் அப்படியே ஏற்று மாற்றவும் வேண்டாம். ஒருவர் டிம்பனி போதாது என்பார், இன்னொருவர் பிராஸ் (பித்தளை ஊதுகருவிகள்) மங்கல் என்பார், மூன்றாமவர் மெட்டே பிடிக்கவில்லை என்பார், ஆனால் மூவரும் சொல்வது அதே 2:00 உச்சக்கட்டத்தைத்தான். அப்போது 2:00-ஐ விட்டுவிட்டு அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைத் திறந்து பாருங்கள். அநேகமாக 1:00-இலிருந்தே எல்லாக் கருவிகளும் முழு மூச்சில் வாசித்துக்கொண்டிருக்கும், உச்சிக்கு ஏற மிச்சமே இருக்காது. டிராம்போன்களை 1:55 வரை நிறுத்திவைத்து, மற்றவர்களின் சிசி 1-ஐ பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, அதே மூவருக்கும் மறுபடி அனுப்புங்கள்.