கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அலையைப் பாருங்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் திரையில் ஒரு நிலநடுக்கப் பதிவை விரித்துவைத்துக்கொண்டு, பி அலை, அதாவது நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்துசேரும் அலை, சரியாக எங்கே தொடங்குகிறது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அரை நொடிக்காக ஒரு மணி நேரச் சண்டை. அந்த நிலையத்தின் கடிகாரம் ஒழுங்காக ஓடியதா என்று இருவருமே பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பழைய கதை ஞாபகம் வந்தது.

ரிக்டர் அளவுக்கும் தரையில் உணரும் அதிர்வுக்கும் உள்ள வித்தியாசம், ஓர் எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை எந்தப் பாடப்புத்தகமும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடும். வேலையில் இறங்கிய பிறகு செய்கிற தவறுகள் வேறு.

வடிகட்டிய பதிவில் முதல் அசைவைத் தேடுவது

இரைச்சலைக் குறைக்கப் பதிவை வடிகட்டுவோம். பல மென்பொருள்கள் பதிவை முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை வடிகட்டும். அலை இடம் மாறாது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் திடீரென்று எகிறும் பி அலைக்கு முன்னால் குட்டிக் குட்டி நெளிவுகள் முளைத்துவிடும். புதியவர்கள் அந்த நெளிவைத்தான் தொடக்கம் என்று குறிக்கிறார்கள். நேரம் முந்திப்போவதோடு, முதல் அசைவு மேலே போனதா கீழே போனதா என்பதும் தலைகீழாகிவிடக்கூடும். நிலநடுக்கத்தை உண்டாக்கிய பாறைப் பிளவு எந்தப் பக்கம் நழுவியது என்பதை அந்த மேல், கீழை வைத்துத்தான் சொல்கிறோம். முதலில் வடிகட்டாத பதிவைப் பாருங்கள். வடிகட்டியே தீர வேண்டுமென்றால் முன்னோக்கி மட்டும்.

கடிகாரம்

நிலநடுக்கம் எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது கடைசியில் நேரக் கணக்குதான். புவியின் மேலோட்டில் பி அலை நொடிக்கு ஏறக்குறைய 6 கி.மீ. ஓடும், அதற்குப் பின்னால் வரும் எஸ் அலை ஏறக்குறைய 3.5 கி.மீ. இரண்டும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை 8ஆல் பெருக்கினால் தூரம் தோராயமாகக் கிடைக்கும். பல நிலையங்களின் நேரங்களைச் சேர்த்துப் போட்டால் இடம் கிடைக்கும். ஒரு நிலையத்தின் கடிகாரம் 1 நொடி தவறினால் அந்த நிலையத்தின் கணக்கில் 6 கி.மீ. தவறு.

1889இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ரெபர்-பாஷ்விட்ஸ் என்ற ஆய்வாளர் தன் கருவியில் விழுந்த ஒரு விசித்திரமான நெளிவை, ஜப்பானில் நடந்த நிலநடுக்கம் என்று அடையாளம் கண்டதும் நேரத்தைப் பொருத்திப் பார்த்துத்தான். தொலைதூர நிலநடுக்கத்தை அளக்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்ததே அப்போதுதான்.

சரி, என் கதை. ஒரு பெரிய அதிர்வுக்குப் பிறகு பின்னதிர்வுகளைப் பிடிக்க ஐந்து தற்காலிக நிலையங்கள் போட்டோம். மேற்குக் கோடியில் இருந்ததற்கு நான் பொறுப்பு. மழையில் நனையக் கூடாதே என்று, செயற்கைக்கோளிலிருந்து சரியான நேரத்தை வாங்கித் தரும் ஜிபிஎஸ் ஆன்டெனாவைத் தகரக் கூரைக்கு அடியில் கட்டிவைத்தேன். அதிர்வைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரில் பச்சை விளக்கு எரிந்தது. திருப்தியாகக் கிளம்பினேன். அந்தப் பச்சை, பதிவு நடக்கிறது என்பதற்கான பச்சை. நேரம் சரி என்பதற்கானது அல்ல.

ஜிபிஎஸ் கிடைக்காவிட்டாலும் லாகர் நிற்காது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை நம்பி அது பாட்டுக்கு ஓடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகுகிற படிகம் நாளொன்றுக்கு 0.086 நொடி நழுவும். ஒரு மாதத்தில் இரண்டரை நொடி.

ஆறு வாரம் கழித்து வரைபடம் போட்டேன். பின்னதிர்வுகள் நாளுக்கு நாள் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தன. என்ன அழகான நகர்வு! பிளவு மெதுவாகக் கிழிந்துகொண்டே போகிறது என்று தலைப்பு வைத்து, வண்ணம் தீட்டி, மூத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தை அரை நிமிடம் பார்த்தார். “ஆன்டெனாவை எங்கேப்பா கட்டுனே?” என்றார். அவ்வளவுதான்.

நகர்ந்தது பிளவு இல்லை, என் கடிகாரம். அது பின்தங்கப் பின்தங்க, அலை சீக்கிரமே வந்துவிட்டதாகப் பதிவானது. அலை சீக்கிரம் வந்ததென்றால் மையம் பக்கத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கணினி அதை என் நிலையத்தின் பக்கம் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

பத்து நிமிட வேலை செய்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். கடிகாரம் தவறினால் பி, எஸ் இரண்டும் ஒரே அளவு தவறும். இடையிலுள்ள வித்தியாசம் மாறாது. பாறையின் வேகத்தைத் தப்பாக வைத்திருந்தால் அப்படி இருக்காது. எஸ் அலையின் பிழை பி அலையுடையதைவிட ஏறக்குறைய 1.7 மடங்காக வரும். பி வந்த நேரத்தைப் படுக்கை அச்சிலும் எஸ்–பி வித்தியாசத்தை நிமிர்ந்த அச்சிலும் வைத்தால் நல்ல நிலையங்கள் ஒரே கோட்டில் உட்காரும். கெட்ட கடிகாரம் பக்கவாட்டில் தனியாக நிற்கும். ஜப்பானிய ஆய்வாளர் வாடாட்டியின் பெயரால் வாடாட்டி வரைபடம் என்று பெயர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வந்துவிட்ட உத்தி. நான் எஸ் அலையைக் குறிப்பது அலுப்பு என்று பி அலையை மட்டும் குறித்திருந்தேன்.

இதில் இன்றைக்கும் எரிச்சல் வருவது, “மென்பொருள் பார்த்துக்கொள்ளும் சார்” என்ற பதில்தான். பார்த்துக்கொள்ளாது. அது பிழையை எல்லா நிலையங்களுக்கும் பங்கிட்டுவிடும். நிலையங்கள் குறைவாக இருந்தால் கெட்டது மையத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நல்ல நிலையத்தைக் குற்றவாளி மாதிரிக் காட்டும். பிழை அதிகம் என்று நல்லதைத் தூக்கியெறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். வெயிலுக்கும் குளிருக்கும் படிகம் வேறு வேறு வேகத்தில் ஓடும். நழுவல் நேர்கோட்டில் இருக்காது. கடலடிக் கருவிகளுக்கு ஜிபிஎஸ் எட்டாது. இறக்கும்போது ஒருமுறை, எடுக்கும்போது ஒருமுறை நேரம் ஒப்பிட்டு, நடுவில் நேர்கோடு போடுவார்கள். அங்கே வேறு வழியில்லை. இங்கே எனக்கு வழி இருந்தது. கூரைக்கு மேல், ஒரு கை உயரத்தில். நான் கருவியை எடுத்தபோது கடைசி ஒப்பீட்டைக்கூடச் செய்யவில்லை. ஆறு வாரப் பி அலை நேரங்களும் வீண்.

அதனால்: ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன் லாகரின் நிலைக் குறிப்பைத் திறந்து, ஜிபிஎஸ் கடைசியாக எப்போது செயற்கைக்கோளைப் பிடித்துப் பூட்டியது என்று படியுங்கள். இயக்கியவுடனே ஓடிவிடாதீர்கள். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. அந்தத் திருத்தம் உள்ளிட்ட முழுச் செய்தியும் செயற்கைக்கோளிலிருந்து வந்துசேர பன்னிரண்டரை நிமிடம் ஆகலாம். அதுவரை சில கருவிகள் தப்பான நேரத்தைத் தைரியமாக எழுதிக்கொண்டிருக்கும். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

10 கி.மீ. ஆழம்

பெரும்பாலும் அளந்த எண் அல்ல, ஆழம் பிடிபடாதபோது நிறுத்திவைத்த எண். நிலநடுக்கப் பட்டியலில் “நிலைநிறுத்தியது” என்று குறிப்பு இருக்கும். படியுங்கள்.

முதலில் வந்த எண்ணோடு ஒட்டிக்கொள்வது

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, முதல் மூன்று நிமிடங்களில் வந்த அளவு எண் 7.9. கடைசியில் நின்றது 9.0 அல்லது 9.1. ஆற்றலில் குறைந்தது 45 மடங்கு வித்தியாசம். யாரும் தூங்கிவிடவில்லை. குறுகிய அலைகளை வைத்து அவசரமாகப் போடும் அளவு 8ஐ ஒட்டித் தேங்கிவிடும். பாத்திரம் நிரம்பிய பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அதே மட்டம்தான். அருகிலிருந்த நுண்ணிய கருவிகளின் முள்ளோ எல்லையைத் தாண்டிவிட்டது. பிளவின் பரப்பையும் நழுவலையும் கணக்கில் எடுக்கும் மொமென்ட் அளவுக்கு நீளமான அலைகள் வேண்டும். அவற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

புதியவர்கள் இரண்டு வகை எண்களையும் அட்டவணையின் ஒரே பத்தியில் கொட்டிக் கோடு போடுகிறார்கள். எந்த அளவு என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் திசைகாட்டி வைத்துக் கருவிக்கு வடக்கு பார்ப்பது

வேண்டாம்.

வெடியை நிலநடுக்கம் என்று பதிவது

பகல் பதினொன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து, எல்லா நிலையங்களிலும் முதல் அசைவு மேல்நோக்கியே வருகிற “நிலநடுக்கக் கூட்டம்” ஒன்றைக் கண்டுபிடித்தால், என்னிடம் வருமுன் அங்கே கல்குவாரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.